விருதுபட்டி முதல் ஆவடி வரை

1955ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நம் ஆவடி இந்திய வரலாற்று நூல்களில் இடம்பெற்றது. அதுவரை இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் படைக்கிடங்குகளாலும், சென்னைக்கும் அரக்கோணத்திற்கும் இடைப்பட்டதோர் இருப்புப்பாதை நிலையமாகவும் மட்டுமே அறியப்பட்டிருந்த அவ்வூரில் இந்திய தேசியக் காங்கிரசின் அறுபதாவது மாநாடு கூடியது. யு. என். தேபர் தலைமை தாங்கினார். பண்டித நேரு முதலிய தலைவர்கள் குழுமினர். சமதர்மப் பாங்கான சமுதாயம் அமைப்பதே நாட்டின் குறிக்கோள் என்னும் தீர்மானம் அங்கு நிறைவேறியது. பொருளியல் பயிலும் மாணவர் இன்றும் அதனை ஆவடித் தீர்மானம் என்றே குறிக்கின்றனர்.

மாநாடு கூடிய இடத்திற்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயரிட்டிருந்தனர். அப்பெயருக்குரிய தீரர் சத்தியமூர்த்தி 1943ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். விடுதலையையும் அவர் காணவில்லை; இத்தகைய மாநாட்டையும் காணவில்லை. அவரிடம் அரசியல் பயின்ற ஒருவர், அவர் பெயர் தாங்கிய திடலில், மாநில முதலமைச்சராக நின்று நாட்டின் தலைவர்களை வரவேற்றார். அவர்தாம் பெருந்தலைவர் காமராசர். சத்தியமூர்த்தியோ சட்டம் பயின்றவர்; ஆங்கிலத்திலும் தமிழிலும் சொல்மாரி பொழிந்தவர். மாணவரான காமராசரோ உயர்நிலைப் பள்ளியின் வாயிலைக்கூட முழுமையாகக் கடந்தவரல்லர்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே செல்வது நல்லது. தேர்வில் தவறிய மாணவர் சிலர், காமராசர் எந்தக் கல்லூரியில் படித்தார் என்று ஆசிரியராகிய நம்மையே திருப்பிக் கேட்பதுண்டு. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஏதோ ஒரு பட்டறையில் வேலை கிடைத்ததும் இரண்டாம் ஆண்டோடு கல்லூரியை விட்டு நின்றுவிடும் பிள்ளைகளும் உளர். அவர்தம் பெற்றோரும் அப்பெயரைச் சொல்லியே ஆறுதல் கொள்வர். படிக்காத மேதை என்று அன்பினால் மக்கள் வழங்கிய பட்டம் இவ்வாறு ஒரு தீங்கையும் செய்துவிட்டது போலும். படிப்பை இழந்தமையால்தான் அவர் பெரியவரானார் என்று அப்பட்டம் எண்ணச் செய்கின்றது. அவருடைய இளமைக் காலத்தை அடைவே நோக்குவோர்க்கு முற்றிலும் வேறானதொரு செய்தி புலப்படும். அதனை நம் மாணவர் அறிய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிடியரிசிப் பள்ளி

விருதுநகர் அந்நாளில் விருதுபட்டி எனப்பட்டது. பருத்தி, மிளகாய், எண்ணெய் வித்து எனப் பல பண்டங்கள் வந்து குவியும் வணிகவூர். அங்கு வாழ்ந்த நாடார் குல வணிகர்கள் செல்வத்தில் உயர்ந்தும் சமுதாயத்தில் ஒதுக்கப்பட்டிருந்தனர். கோயில்களின் வாயில் அவர்களுக்குத் திறக்கவில்லை. 1899ஆம் ஆண்டில் சிவகாசியில் நிகழ்ந்த கொடிய கலவரம் அப்பகை எத்துணை ஆழமானது என்பதைக் காட்டும். ஒதுக்கப்பட்டோர் வாளாவிருக்கவில்லை. வணிகத்தில் ஒரு சிறு பங்கை மகமை என்னும் பெயரால் தமக்குத் தாமே வரியாக விதித்துக் கொண்டு, பொதுப் பணிகளை மேற்கொண்டனர். சத்திரிய வித்யாசாலை என்னும் பள்ளி அவ்வாறு எழுந்தது. வீடுதோறும் உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து வைத்து, அதனைத் திரட்டி விற்று, அப்பணத்தால் பள்ளியை நடத்தினர். பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. நம் முன்னோரும் பள்ளிவாசல்களையும் மதரசாக்களையும் ஒட்டி இத்தகைய ஏற்பாடுகளைச் செய்திருந்தனர் என்பதை இங்குள்ள பெரியோர் நன்கறிவர்.

அவ்வூரில் 1903ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள் குமாரசாமி நாடார், சிவகாமி அம்மையார் ஆகியோரின் மகனாகக் காமராசர் பிறந்தார். குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்று முதலில் பெயர் வைத்தனர். தாயார் ராஜா என்று செல்லமாக அழைக்க, இரண்டும் கலந்து காமராசா என்றாயிற்று. தந்தையார் தேங்காய் வணிகர். குடும்பம் செல்வக் குடும்பமன்று. வறிய குடும்பமும் அன்று. திண்ணைப் பள்ளியில் எழுத்தறிந்து, ஏனாதி நாயனார் வித்யாலயத்தில் சேர்ந்து, பின்னர்ப் பிடியரிசிப் பள்ளியான சத்திரிய வித்யாசாலைக்குச் சிறுவர் சென்றார்.

ஆறு வயதளவில் தந்தையார் காலமானார். சிவகாமி அம்மையார் தம் நகைகளை விற்று, அப்பணத்தை வணிகர் ஒருவரிடம் கொடுத்து வைத்து, வரும் வட்டியைக் கொண்டு மகனையும் மகள் நாகம்மாளையும் காத்தார் என்பர். வட்டிப் பணத்தில் நடக்கும் குடும்பத்தில் பள்ளிப் படிப்பு எத்துணைக் காலம் நிலைக்கும்? பன்னிரண்டு வயதளவில், ஆறாம் வகுப்போடு அது நின்றது. தாய்மாமன் கருப்பையா நாடாரின் துணிக்கடையில் சிறுவர் வேலைக்கு அமர்ந்தார்.

காமராசரின் சிறுபருவத்தைப் பற்றிக் கூறும் நூல்கள் பல, கோயில் யானையின் சங்கிலியைத் தேடிக் கொடுத்த கதையையும், பள்ளி விழாவில் முண்டியடிக்காமல் நின்று குறைந்த பங்கே பெற்ற கதையையும் விரிவாகச் சொல்லும். அவை நிகழ்ந்திருக்கலாம். ஆயினும் பெரியவராகிய பின் ஒருவருக்குச் சிறுபருவக் கதைகள் தாமே வந்து சேர்வது உலகியல்பு. பள்ளிப் பலகையிலிருந்து எழுந்து சென்று, முழக்கோலைக் கையிலெடுத்த அந்த ஒரு நிகழ்ச்சியே நமக்குப் போதுமானது. கட்டணமில்லாத பள்ளியும்கூட அவரைத் தக்கவைத்துக் கொள்ள முடியவில்லை. பள்ளிக்குக் கட்டணம் இல்லைதான்; வயிற்றுக்கு வழி வேண்டுமே. இந்த உண்மையை அவர் எந்த நூலிலும் படித்து அறியவில்லை.

கடையும் கூட்டமும்

முதல் உலகப் போர் நிகழ்ந்த காலம் அது. அன்னி பெசண்ட் அம்மையாரின் சுயாட்சி இயக்கம் சிற்றூர்களையும் எட்டியது. கடைக்கு வரும் செய்தித்தாளைக் காமராசர் விடாமல் படித்தார். வரதராசுலு நாயுடு, ஜார்ஜ் ஜோசப், திரு. வி. கலியாணசுந்தரனார் போன்றோர் பேசும் கூட்டங்களுக்குக் கடையை மூடியதும் ஓடினார். மூடும் முன்னரே ஓடிய நாள்களும் இருந்தன. 1919ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் அமிர்தசரசில் சாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்தபோது அவருக்குப் பதினாறு வயதுகூட நிரம்பவில்லை. அடுத்த ஆண்டில் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியது. கிலாபத் இயக்கமும் அதுவும் இரு கரைகளாய் இணைந்து ஓடிய காலம். காமராசர் காங்கிரசின் முழுநேரத் தொண்டரானார்.

அதே 1920ஆம் ஆண்டில், அதே தென்பாண்டி நாட்டில், திருநெல்வேலிப் பேட்டையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பி. ஏ. தேர்வை எழுதாமலேயே கல்லூரியைத் துறந்து இயக்கத்தில் சேர்ந்தார். அவர்தாம் பிற்காலத்தில் காயிதெ மில்லத் என்று நாம் போற்றும் முகம்மது இஸ்மாயில் சாகிப். ஒருவர் கையிலிருந்த படிப்பை வேண்டாமென்று விட்டார். மற்றவரிடமிருந்து படிப்பை வறுமை முன்னரே பறித்துவிட்டது. இருவரும் பின்னர் இந்திய அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தனர். அரசியலில் வேறு வேறு அணியினராகவும் விளங்கினர். ஒருவரைப் பற்றி எழுதும்போது மற்றவர் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை.

இளமையின் வேகம் என்றால் மேடையில் ஏறி முழங்குவது என்று நாம் எண்ணுகிறோம். காமராசர் அந்நாளில் பேச்சாளர் அல்லர். கூட்டத்திற்கு இடம் பார்ப்பது, தமுக்கடித்து ஊருக்கு அறிவிப்பது, பேச்சாளரை நிலையத்திலிருந்து அழைத்து வருவது, உண்டியல் ஏந்துவது, கூட்டம் கலைந்தபின் எஞ்சியவற்றை எடுத்து வைப்பது ஆகியவையே அவருக்கு வாய்த்த பணிகள். தம் ஊரின் பெருவணிகர் பலர் நீதிக்கட்சியின் பக்கம் நின்றமையால், சொந்த ஊரிலேயே அவர் சிறுபான்மையினராக நின்று உழைக்க வேண்டியதாயிற்று. இவ்வாறு பத்தாண்டுகள் கழிந்தன. பதவி இல்லை, ஊதியம் இல்லை, பெயரும் இல்லை. ஊர்ப் பெயர்களையும் ஆள்களின் முகங்களையும் ஒருமுறை கண்டால் மறவாத அவருடைய பெருநினைவாற்றலைப் பிற்காலத்தில் எல்லாரும் வியந்தனர். அது பிறவிக் கொடை மட்டுமன்று. பத்தாண்டுக் காலம் கூட்டத்தின் பின்வரிசையில் நின்று பிறர் முகங்களைப் பார்த்தவருக்கு வாய்த்த பயிற்சி என்றே நாம் கருதுகிறோம்.

வீட்டார் கலங்கினர். பையனை அரசியலிலிருந்து மீட்க எண்ணி, திருவனந்தபுரத்தில் மரக்கடை வைத்திருந்த மற்றொரு மாமன் காசிநாராயண நாடாரிடம் அனுப்பினர். அங்கே சென்றவர் வைக்கம் போராட்டத்தில் கலந்து கொண்டார். கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் தாழ்த்தப்பட்டோர் நடக்கலாகாது என்னும் தடையை எதிர்த்து 1924ஆம் ஆண்டில் அவ்வறப்போர் மூண்டது. சிவகாசிக் கலவரத்தின் நினைவு மாறாத குலத்தில் பிறந்த இளைஞருக்கு அப்போராட்டம் அயலார் வழக்காகத் தோன்றியிருக்காது. மாமன் திடுக்கிட்டு அவரை மீண்டும் ஊருக்கே அனுப்பினார். திருமணம் செய்து வைத்தால் அடங்குவார் என்று அடுத்து முயன்றனர். அவர் இசையவில்லை; இறுதிவரையில் இசையவில்லை.

இவ்விடத்தில் நாம் சற்றுத் தயங்குகிறோம். இளமையின் பற்றினைப் போற்றி எழுதுவது எளிது. அதற்கு விலை கொடுத்தவர் யார்? நகைகளை விற்று வளர்த்த தாயார், மகனின் ஈட்டத்தையும் காணவில்லை, மருமகளையும் காணவில்லை. மகன் முதலமைச்சராகிய பின்னரும் அவர் விருதுநகரில் பழைய வீட்டிலேயே, மாதந்தோறும் மகன் அனுப்பிய சிறு தொகையைக் கொண்டு வாழ்ந்தார். சென்னையில் மகனோடு வந்து தங்கும் வாய்ப்பு அவருக்கு வாய்க்கவில்லை. உறவினர் வந்து சூழ்ந்தால் பதவிக்கு மாசு நேரும் என்று காமராசர் அஞ்சினார் என்பர். பொதுவாழ்வின் தூய்மைக்கு அது சான்றாகலாம். எனினும் அத்தாயின் தனிமையைத் தியாகம் என்னும் ஒரு சொல்லால் மூடிவிட நமக்கு மனம் வரவில்லை.

சிறைவாசம்

1930ஆம் ஆண்டில் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியத்திற்கு உப்பு அறப்போர் அணி சென்றது. அப்போரில் ஈடுபட்ட காமராசருக்கு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. வங்கத்திலுள்ள அலிப்பூர்ச் சிறைக்கு அனுப்பினர். காந்தி - இர்வின் உடன்பாட்டினால் 1931இல் விடுதலையானார். அடுத்த ஆண்டே மீண்டும் சிறை. அப்போது பகத்சிங்கின் தோழர்கள் சிலரோடு பழகும் வாய்ப்பு ஏற்பட்டது. இளைஞர் எவரையும் ஈர்க்கும் வழி அவர்களுடையது. காமராசர் அவர்களை மதித்தார், அவ்வழியில் செல்லவில்லை.

செல்லாதவர்மீதே அப்பழி விழுந்தது. 1933ஆம் ஆண்டில் விருதுநகர் அஞ்சலகத்திலும் திருவில்லிபுத்தூர்க் காவல் நிலையத்திலும் குண்டுகள் வெடித்தன. அவ்வழக்கில் காமராசரையும் சேர்த்தனர். குற்றம் உறுதியாகியிருந்தால் அவருடைய பொதுவாழ்வு முப்பது வயதிலேயே முடிந்திருக்கும். வரதராசுலு நாயுடுவும் ஜார்ஜ் ஜோசப்பும் வழக்காட முன்வந்தனர். துணிக்கடைச் சிறுவர் கூட்டத்தின் ஓரத்தில் நின்று எவர்தம் பேச்சைக் கேட்டாரோ, அவர்களே அவருக்காக நீதிமன்றத்தில் எழுந்து நின்றனர். குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை, விடுதலையானார். காமராசர் சொற்களை எண்ணி எண்ணிச் செலவிட்டவர் என்பதும், எவருக்கும் உடனே உறுதியளிக்காமல் பார்ப்போம் என்ற அளவில் நிறுத்திக் கொள்வார் என்பதும் யாவரும் அறிந்தவை. ஒரு சொல்லோ ஒரு நட்போ எவ்வாறு வழக்காக மாறும் என்பதை இளமையிலேயே கண்டவருக்கு அவ்வியல்பு அமைந்ததில் வியப்பில்லை.

1937இல் சாத்தூர்த் தொகுதியிலிருந்து போட்டியின்றிச் சட்டமன்றம் சென்றார். 1940ஆம் ஆண்டில் தமிழ்நாடு காங்கிரசுத் தலைவர் தேர்தலில் இராஜாஜியின் ஆதரவு பெற்ற சி. பி. சுப்பையாவை எதிர்த்து நின்று, 103க்கு 100 என்ற வாக்குக் கணக்கில் வென்றார். மூன்றே வாக்குகள்! முன்னர்ச் சத்தியமூர்த்தி தலைவராகவும் காமராசர் செயலாளராகவும் இருந்தனர். இப்போது மாணவர் தலைவராக, ஆசிரியர் செயலாளரானார். இதனைப் பெருமையுடன் ஏற்ற சத்தியமூர்த்தியின் பெருந்தன்மை தனியே எழுதத் தக்கது.

அவ்வாண்டின் இறுதியில் போர் நிதிக்கு எதிராகப் பேசியமைக்காக வேலூர்ச் சிறை. உள்ளே இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராக 1941இல் அவரைத் தேர்ந்தெடுத்தனர். ஒரு காலத்தில் அவரைப் பொருட்படுத்தாத ஊர் அளித்த பெருமை அது. விடுதலையாகி வந்தவர் அப்பதவியை உடனே துறந்தார். முழுமையாகப் பணியாற்ற இயலாத பொறுப்பைச் சுமப்பது தகாது என்பது அவர் எண்ணம்.

1942ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் பம்பாய் மாநாட்டில் கலந்து கொண்டு அவர் திரும்பிய செய்தி நம் பகுதியினருக்குச் சுவை பயக்கும். தலைவர்களைப் பிடிப்பதற்காக அரக்கோணம் நிலையத்தில் காவலர் காத்திருந்தனர். தொடர்ந்து பயணம் செய்திருந்தால் திருவள்ளூர், ஆவடி, அம்பத்தூர் வழியே சென்னை வந்து சேர்ந்திருப்பார், சேருமுன்பே சிறைப்பட்டிருப்பார். காவலர் கண்ணில் படாமல் வழியிலேயே நழுவி இராணிப்பேட்டைப் பக்கம் சென்று, வேலூர், தஞ்சை, திருச்சி, மதுரை என்று பல ஊர்களிலும் தொண்டர்களைக் கண்டு செய்ய வேண்டியவற்றைச் சொல்லிவிட்டு, விருதுநகர் வந்து சேர்ந்தார். பணி முடிந்ததும் தாமே காவல்துறைக்குச் சொல்லியனுப்பிச் சிறைபுகுந்தார். இம்முறை மூன்றாண்டுகள், மராத்திய நாட்டின் அமராவதியிலும் பின்னர் வேலூரிலும் இருந்தார். அவர் சிறையில் இருந்தபோதுதான் சத்தியமூர்த்தி மறைந்தார்.

இச்சிறைகளில் கழிந்த காலத்தையெல்லாம் கூட்டினால் எட்டாண்டுகளுக்கும் மேலாகும். இக்காலத்தில் அவர் ஆங்கிலம் கற்றார். நூல்களையும் நாளிதழ்களையும் இடைவிடாமல் படித்தார். பன்னிரண்டு வயதில் நின்ற பள்ளிப் படிப்பை இருபத்தேழு வயதுக்கு மேல் சிறைச் சுவர்களுக்குள் தொடர்ந்தார் என்று சொன்னால் பிழையாகாது. இங்கேதான் நம் மாணவர் கவனிக்க வேண்டும். படிப்பை இழந்தவர் அவர்; வெறுத்தவர் அல்லர். இழப்பைத் தம் மார்பில் அணிந்து காட்டும் பதக்கமாக அவர் ஒருபோதும் கொள்ளவில்லை. கற்றவரைக் கண்டால் கூசவும் இல்லை, எள்ளவும் இல்லை. அருகில் அமர்த்திக் கொண்டு கேட்டார்.

1946ஆம் ஆண்டில் மற்றோர் அடி விழுந்தது. அதுவும் அவர் தலைவராக ஏற்ற காந்தியடிகளிடமிருந்தே வந்தது. இராஜாஜிக்கு எதிராகத் தமிழ்நாட்டுக் காங்கிரசில் ஒரு கூட்டம் இயங்குவதாகப் பொருள்படக் காந்தியடிகள் தம் இதழில் எழுதினார். காமராசரின் மனம் புண்பட்டது. காங்கிரசின் பாராளுமன்றக் குழுவிலிருந்து விலகினார். ஆனால் இயக்கத்தை விட்டு விலகவில்லை. காந்தியடிகளை இகழ்ந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. மனக்குறையை மறைக்கவும் இல்லை, வளர்க்கவும் இல்லை.

கோட்டையில்

1954ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் முதலமைச்சரானார். கட்சித் தலைவர் தேர்தலில் அவரை எதிர்த்து நின்று தோற்றவர் சி. சுப்பிரமணியம், சுப்பிரமணியத்தை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். இருவரையும் தம் அமைச்சரவையில் சேர்த்தார். தம்மோடு எண்மரே கொண்ட சிறிய அமைச்சரவையில் கல்வித் துறையையே சுப்பிரமணியத்திடம் ஒப்படைத்தார். நேற்றுவரை எதிரணியில் நின்ற ஒருவரிடம், தம் நெஞ்சுக்கு மிக அணுக்கமான துறையைக் கொடுப்பதற்கு எத்தகைய உள்ளம் வேண்டும்!

முந்தைய ஆட்சியில் 1953இல் வந்த தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி பிள்ளைகள் அரைநாள் பள்ளியிலும் அரைநாள் பெற்றோர் தொழிலிலும் ஈடுபட வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்று அது பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. காமராசர் ஆட்சி 1954 மே திங்களிலேயே அதனைக் கைவிட்டது. அரசியல் காரணங்கள் பல இருந்தன; அவற்றை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பள்ளியிலிருந்து கடைக்குப் போன ஒரு பையன், அந்த மற்றோர் அரைநாளில் என்ன நிகழும் என்பதை வேறெவரையும் விட நன்கு அறிந்திருப்பான் அன்றோ?

மதிய உணவுத் திட்டம் 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கிற்று. ஆடு மாடு மேய்த்துக் கொண்டிருந்த சிறுவரிடம் பள்ளிக்குச் செல்லாத காரணத்தை வழியில் வினவியபோது, சோறு கிடைக்குமா என்ற எதிர்வினாவே திட்டத்திற்கு வித்தாயிற்று என்று ஒரு செய்தி வழங்குகின்றது. சென்னை மாநகராட்சி 1920இலேயே ஆயிரம் விளக்குப் பகுதியில் பிள்ளைகளுக்கு உணவளித்த முன்னுதாரணமும் உண்டு. ஆனால் முதலமைச்சருக்கு அச்சிறுவர் புதிதாக எதையும் அறிவித்திருக்க முடியாது. கட்டணமில்லாப் பள்ளியைப் பசியினால் இழந்த கதை அவர் சொந்தக் கதை. தொடக்கத்தில் அரசு மட்டும் அச்செலவை ஏற்கவில்லை. ஊர்மக்களும் அரிசியும் காய்கறியும் பணமும் தந்தனர். பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று இதற்கு ஆதரவு திரட்டினார். விருதுபட்டிப் பிடியரிசி மாநிலமெங்கும் பரவியது போன்ற காட்சி அது. 1958இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் இத்தகையனவே. ஊரார் தம் பள்ளிக்கு வேண்டிய பலகை, மணி, கட்டடம் ஆகியவற்றைத் தாமே அளித்தனர். அம்மாநாடுகள் முதன்முதலில் நடந்த இடங்களுள் ஒன்று, நம் இருப்புப்பாதையிலேயே திருவள்ளூருக்கு அப்பாலுள்ள கடம்பத்தூர். அங்கே பெஞ்சும் கரும்பலகையும் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இப்பகுதிக் கல்லூரிகளில் பயின்று வரக்கூடும்.

ஆவடி மாநாட்டுக்குப் பின் இந்த வட்டாரமே மாறியது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வளர்ந்தது. நம் மாணவர் கல்லூரியை விட்டு வேலைக்கு ஓடும் பட்டறைகள் அவர் காலத்துத் தொழில் முயற்சியின் வழிவந்தவை என்பது சிந்திக்கத் தக்கது. தொழிற்கூடங்களை அவர் வரவேற்றார். ஆனால் படிக்கும் வயதுப் பிள்ளையை அங்கே அனுப்புவதற்காகப் பள்ளிகளைத் திறக்கவில்லை.

பூவிருந்தவல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கால்வாய் வழியே நீர் தரும் பூண்டி நீர்த்தேக்கத்தையும் இங்கே நினைக்கலாம். சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தி 1940இல் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1944இல் பணி முடிந்தபோது அவர் இல்லை. சத்தியமூர்த்தி சாகர் என்று அதற்குப் பெயரிட்டவர் காமராசர். தமக்குக் கற்பித்தவரின் பெயரை அவர் மாநாட்டுத் திடலுக்கு வைத்தார். மக்கள் பருகும் நீருக்கும் வைத்தார்.

பிற்காலம்

பிறகு நிகழ்ந்தவை நாடறிந்தவை. 1963 அக்டோபர் 2ஆம் நாள் கட்சிப் பணிக்காக முதலமைச்சர் பதவியைத் தாமே துறந்தார். அகில இந்தியக் காங்கிரசின் தலைவரானார். நேருவுக்குப் பின் சாஸ்திரியையும், சாஸ்திரிக்குப் பின் இந்திரா காந்தியையும் தலைமை அமைச்சராகத் தேர்ந்தெடுப்பதில் பெரும்பங்கு கொண்டார். அவருடைய அரசியல் கணிப்புகள் எல்லாம் சரியாக அமைந்தன என்று நாம் சொல்ல மாட்டோம். 1969இல் காங்கிரசு பிளவுபட்டது. அவர் நின்ற அணி மெலிந்தது.

1967ஆம் ஆண்டுத் தேர்தலில் விருதுநகர்த் தொகுதியில் அவரைத் தோற்கடித்தவர் பெ. சீனிவாசன் என்னும் மாணவர் தலைவர். வாக்கு வேறுபாடு 1,285. பிறந்த ஊரில், தம் ஆட்சியில் பள்ளிகள் பெருகிய மாநிலத்தில், படித்து எழுந்த புதிய தலைமுறையின் இளைஞர் ஒருவரிடம் அவர் தோற்றார். தொண்டர் சிலர் மக்களை நன்றியற்றவர் என்று பழித்தனர். காமராசர் அதற்கு இடம் தரவில்லை. மக்கள் தீர்ப்பை ஏற்பதே முறை என்ற அளவில் நிறுத்திவிட்டு, வழக்கம்போல் ஊர்ப்பயணம் புறப்பட்டார். 1933இல் பொய்வழக்கையும், 1946இல் காந்தியடிகளின் எழுத்தையும் தாங்கிய அதே மனம்தான் இது. அறுபத்து மூன்று வயதில் புதிதாக அதனைத் தேட வேண்டிய நிலை அவருக்கு இருக்கவில்லை. இரண்டாண்டுகளுக்குள் நாகர்கோவில் மக்கள் இடைத்தேர்தலில் அவரைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினர்.

1975 அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளன்று, சென்னைத் தியாகராய நகர், திருமலைப்பிள்ளை சாலையிலிருந்த இல்லத்தில் அவர் காலமானார். அது அவருக்குச் சொந்தமான வீடன்று, வாடகை வீடு. பாரத ரத்னா விருது அடுத்த ஆண்டில் அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. அவ்வீட்டை அரசு பின்னர் நினைவு இல்லமாக்கியது. அவர் உடுத்திய கதராடைகளும் எளிய சில பொருள்களும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. அவற்றோடு, அவர் படித்த நூல்களும் அலமாரிகளில் உள்ளன.